தெர்மாமீட்டர் நார்மல் காட்டும்போது: முதியோர் இல்லங்களுக்கு ஒரு திறந்த மடல்

முதியோர் இல்லங்களை நடத்துபவர்களுக்கும், அங்கே வார்டைக் கவனித்துக்கொள்ளும் செவிலியர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் செவிலியர் மேசைக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதில் "காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினால் டாக்டருக்குச் சொல்லவும்" என்று ஒரு வரி இருக்கும். நாற்பது வயது உடம்பை மனதில் வைத்து எழுதிய வரி அது. எண்பது வயதுக்காரர்கள் இருக்கும் வார்டில் அது காப்பாற்றுவதைவிட ஏமாற்றுவதுதான் அதிகம். அதைக் கிழித்துவிட்டு வேறொன்றை ஒட்டுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். என்ன ஒட்டுவது, ஏன் ஒட்டுவது என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறோம். காரணம் புரியாமல் ஒட்டிய தாளை நைட் டியூட்டியில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

முதலில் காய்ச்சலைப் பார்ப்போம். கடுமையான தொற்று கண்ட முதியவர்களில் நூற்றுக்கு 20 முதல் 30 பேருக்குக் காய்ச்சல் வருவதே இல்லை. வந்தாலும் கண்ணில் படும் அளவுக்கு ஏறுவதில்லை. நிமோனியாவானாலும், ரத்தத்தில் கிருமி பரவினாலும் இதே நிலைதான். வயதானவர்களின் சாதாரண உடல் வெப்பமே குறைவு; 97 டிகிரிக்குக் கீழேயே எப்போதும் இருப்பவர்கள் உண்டு. அதற்கு மேல், காய்ச்சல் ஏற வேண்டுமானால் உடம்பு நடுங்கி வெப்பத்தை உண்டாக்க வேண்டும், தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கி அந்த வெப்பத்தைத் தக்கவைக்க வேண்டும். நடுங்குவதற்குத் தசை இல்லை. குழாய்களும் முன்புபோல் இறுகச் சுருங்குவதில்லை. தொற்று வந்திருக்கிறது என்று மூளையின் வெப்ப மையத்துக்குப் போகும் செய்தியும் மந்தமாகிவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண நாளில் 96.8 டிகிரி இருக்கும் ஒரு பாட்டிக்கு இன்று 99 என்றால், அவருக்கு அது 2 டிகிரிக்கு மேல் ஏற்றம். இளவயதுக்காரர் ஒருவர் 98.6லிருந்து 100.8க்குப் போனதற்குச் சமம். ஆனால் சார்ட்டில் "99, நார்மல்" என்று விழுந்துவிடும்.

இதனால்தான் அமெரிக்கத் தொற்றுநோயியல் சங்கம் 2008ல் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களுக்கென்றே தனி அளவுகோல் வைத்தது. வாயில் ஒருமுறை பார்த்ததில் 100 டிகிரிக்கு மேல், அதாவது 37.8 செல்சியசுக்கு மேல் இருந்தால் காய்ச்சல். திரும்பத் திரும்பப் பார்த்தும் வாயில் 99க்கு மேல் இருந்தாலும் காய்ச்சல். இந்த இரண்டையும் தொடாமலே, அவருடைய வழக்கமான அளவிலிருந்து 2 டிகிரி, செல்சியசில் 1.1, ஏறியிருந்தாலும் காய்ச்சல்தான். எங்களைக் கேட்டால் இந்த மூன்றாவதுதான் முக்கியம். அதைப் பயன்படுத்த வேண்டுமானால் அவருடைய "வழக்கமான அளவு" என்ன என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். பெரும்பாலான இல்லங்களில் அது எங்கேயும் எழுதப்பட்டிருக்காது.

எழுதி வைப்பது பெரிய வேலை இல்லை. ஆள் நன்றாக இருக்கும் வாரத்தில் ஐந்து நாட்கள், காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பாருங்கள். காலை வெப்பம் மாலையைவிட அரை டிகிரிக்கு மேல் குறைவாக இருப்பது இயல்பு என்பதால் இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். ஒரே தெர்மாமீட்டர், ஒரே இடம். இங்கேதான் தவறு நடக்கிறது. மெலிந்தவர்களின் அக்குள் குழிந்திருக்கும். தெர்மாமீட்டர் முனை தோலைத் தொடாமல் காற்றில் நிற்கும், அளவு குறைவாகக் காட்டும். வாயால் மூச்சு விடுபவருக்கு நாக்கின் அடியில் வைத்தாலும் அதே பிழைதான். சூடாகவோ குளிர்ச்சியாகவோ எதையாவது குடித்திருந்தால் 15 முதல் 20 நிமிடம் கழித்தே வாயில் பார்க்க வேண்டும். காதில் வைக்கும் கருவியானால் காது மெஷினைக் கழற்றிச் சற்று நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். குறும்பி அடைத்திருந்தாலும் அளவு குறையும். நெற்றிக்கு நேரே துப்பாக்கிபோல் பிடிக்கும் கருவி ஃபேன் காற்றில் படுத்திருப்பவரிடம் பொய் சொல்லும். இன்னொன்று: மூட்டுவலிக்காக வேளாவேளைக்குப் பாராசிட்டமால் சாப்பிடுபவருக்கு, அடுத்த மாத்திரை கொடுப்பதற்கு முன்னால் பார்த்த அளவுக்குத்தான் மதிப்பு. ஸ்டீராய்டு எடுப்பவர்களிடம் தெர்மாமீட்டரை அறவே நம்பாதீர்கள்.

இனி உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு வருவோம். "வயதானால் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடும்" என்று எல்லோரும் சொல்கிறோம். பாதி உண்மைதான் அது. குறைவது ஒரு பகுதி. இன்னொரு பகுதி தேவையில்லாமல் எரிந்துகொண்டே இருக்கிறது. மூன்றாவது ஒரு பகுதி அப்படியே கெட்டியாக நிற்கிறது. எது எந்தப் பகுதி என்று தெரிந்தால்தான் யாரை எதிலிருந்து காக்க வேண்டும் என்று தெரியும்.

குறைவது புதியதைச் சமாளிக்கும் திறன். நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. டி செல்கள் என்னும் வெள்ளை அணுக்கள் எதை அடிக்க வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று கற்று வெளியே வரும் இடம் அது. சிறுவயதிலேயே அது சுருங்கத் தொடங்குகிறது; அறுபதைத் தாண்டும்போது பெரும்பகுதி கொழுப்பாக மாறிவிட்டிருக்கும். ஆக, இதுவரை சந்திக்காத கிருமியை முதன்முதலாக அடையாளம் காணக்கூடிய புதிய டி செல்களின் வரத்து அற்றுக்கொண்டே போகிறது. இருக்கிற இடத்தையும் பழைய செல்கள் பிடித்துக்கொள்கின்றன. சைட்டோமெகலோ வைரஸ் என்று ஒன்று உண்டு. பெரும்பாலோர் உடம்பில் சத்தமில்லாமல் ஆயுள் முழுக்கத் தங்கியிருப்பது. அதைக் காவல் காப்பதற்கென்றே கொல்லும் டி செல்களில் கால் பங்குவரைகூட ஒதுங்கிவிடும் முதியவர்கள் இருக்கிறார்கள். பி செல்கள் சுரக்கும் எதிர்ப்பொருளும் எண்ணிக்கையிலும் தரத்திலும் இறங்குகிறது. ஒட்டும், ஆனால் இறுகப் பிடிக்காது.

கெட்டியாக நிற்பது பழைய நினைவு. 1918ன் கொள்ளைக் காய்ச்சல் காலத்தில் வாழ்ந்தவர்களின் ரத்தத்தை ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது, அந்த வைரசை முடக்கும் எதிர்ப்பொருள் இன்னும் இருந்தது. 2008ல் வெளியான ஆய்வு அது. 2009ல் பன்றிக் காய்ச்சல் பரவியபோது முதியவர்களைவிட இளைஞர்களையே அதிகம் தொற்றியது. 1957க்கு முன் சுற்றிவந்த அதன் உறவுக்கார வைரஸ்களைப் பெரியவர்கள் சின்ன வயதிலேயே பார்த்திருந்தார்கள். கோவிட் வந்தபோது கதை தலைகீழானதும் இதே கணக்கால்தான். அது யாருமே பார்த்திராத வைரஸ். புதியதைக் கற்க வேண்டிய பகுதியிலேயே முதியவர்கள் வலுவிழந்திருந்தார்கள். போதாக்குறைக்கு, வைரசுக்கு எதிராக உடம்பு முதலில் எழுப்பும் கூக்குரலான இன்டர்ஃபெரானைத் தானே முடக்கும் எதிர்ப்பொருட்கள், 80 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு மூன்று நான்கு பேரிடம் இருப்பது 2021ல் தெரியவந்தது.

எரிந்துகொண்டே இருப்பது அழற்சி. வெளியே தெரியாத மெல்லிய அழற்சி முதுமையில் நிரந்தரமாகிவிடுகிறது என்பதை இத்தாலிய விஞ்ஞானி கிளாடியோ ஃபிரான்செஸ்கி 2000ல் பெயர் சூட்டி விளக்கினார். இன்டர்லூக்கின்-6 போன்ற சமிக்ஞைப் பொருட்கள் எப்போதும் சற்றுக் கூடுதலாகவே ஓடிக்கொண்டிருக்கும். எப்போதும் அலறிக்கொண்டிருக்கும் அலாரத்துக்கு யாரும் எழுந்து ஓடுவதில்லை. தொற்று வரும்போது பதில் தாமதமாகிறது. வந்த பதிலும் சீக்கிரம் அடங்குவதில்லை. கிருமி போன பிறகும் அழற்சி நீடித்து நுரையீரலையும் தசையையும் மூளையையும் தின்கிறது. நியூட்ரோஃபில் என்னும் முதல்வரிசை வெள்ளை அணுக்கள் ஒரு நல்ல உதாரணம். வயதானவர்களின் நியூட்ரோஃபில் இளைஞர்களுடையதைப் போலவே வேகமாகத்தான் நகர்கிறது. ஆனால் நேராகப் போகாது. சுற்றிச் சுற்றிப் போகும். போகிற வழியெல்லாம் தான் சுமந்திருக்கும் நொதிகளைச் சிந்தி நல்ல திசுவைக் கெடுத்துவிட்டு, தொற்று இருக்கும் இடத்துக்கு நேரம் கழித்து வந்து சேரும்.

இதோடு மதிலும் பழுதாகியிருக்கும். தோல் காகிதமாகிவிடுகிறது. இருமல் வலுவில்லை. சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாவதில்லை. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, வயிற்றில் கிருமியைக் கொல்லும் அமிலத்தையும் சேர்த்தே குறைக்கிறது.

சரி, காய்ச்சல் வராவிட்டால் எதைப் பார்ப்பது? மூச்சை. எல்லாக் கருவிகளையும்விட எளிமையானது, எல்லா இல்லங்களிலும் மோசமாகச் செய்யப்படுவதும் அதுவே. எந்த வார்டின் சார்ட்டையாவது எடுத்துப் பாருங்கள். மூச்சு எண்ணிக்கை என்ற கட்டத்தில் எல்லாப் படுக்கைக்கும் 18, 20, 18, 20 என்று இருக்கும். மனிதர்கள் அப்படி ஒரே தாளத்தில் மூச்சு விடுவதில்லை. யாரும் எண்ணவில்லை என்பதுதான் அதற்குப் பொருள்.

எண்ணும் முறை இது. அவர் உட்கார்ந்தோ படுத்தோ ஐந்து நிமிடமாவது ஆகியிருக்க வேண்டும். "மூச்சை எண்ணப் போகிறேன்" என்று சொல்லக்கூடாது. சொன்னதும் மூச்சு மாறிவிடும். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கையை மெதுவாக அவர் மேல்வயிற்றின் மேல் வையுங்கள். போர்வை போர்த்தியிருந்தாலும் ஏறி இறங்குவது உங்கள் கைக்குத் தெரியும். கடிகாரத்தைப் பார்த்து முழுதாக 60 வினாடி எண்ணுங்கள். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு மூச்சு தவறினாலும் கணக்கில் நான்கு போய்விடும். முதியவர்களுக்கு 22க்கும் 26க்கும் உள்ள வித்தியாசம் வார்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் உள்ள வித்தியாசம். 25 அல்லது அதற்கு மேல் என்றால் உடனே ஆக்சிமீட்டர் மாட்டுங்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள். நிமோனியாவில் இருமலும் சளியும் காய்ச்சலும் வருவதற்கு முன்பே மூச்சு வேகமாவது உண்டு. சிலருக்கு அந்த மூன்றும் கடைசிவரை வருவதே இல்லை. நாடி இந்த விஷயத்தில் அவ்வளவு நம்பகமானதில்லை. பிரஷருக்கும் இதயத்துக்கும் பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவருக்கு எவ்வளவு பெரிய தொற்று வந்தாலும் நாடி 80ஐத் தாண்டாமல் அடக்கமாக இருக்கக்கூடும்.

ஆக்சிமீட்டரில் 90க்குக் கீழே என்றால் யோசிக்க வேண்டியதில்லை, ஆஸ்பத்திரிதான். நாள்பட்ட நுரையீரல் நோய் இருப்பவர்களில் சிலர் எப்போதுமே 90, 91ல் வாழ்வார்கள். அவர்களுக்கு வேறு இலக்கு டாக்டர் எழுதியிருப்பார். மற்றவர்களுக்கு, வழக்கமாக 97 இருப்பவர் 93க்கு வந்திருந்தால் அந்த நான்கு புள்ளிச் சரிவே செய்தி. விரல் சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கிய பின் மாட்டுங்கள். நகப்பூச்சை அழியுங்கள். எண் ஆடிக்கொண்டிருக்கும்போது எழுதாதீர்கள், நிலைத்து நிற்கட்டும். நிறம் கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதையும் மனதில் வையுங்கள். 93 என்று காட்டினாலும் ஆள் மூச்சு வாங்கினால் ஆளை நம்புங்கள்.

பிரஷரிலும் இதே பாடம். எப்போதும் 150 இருப்பவருக்கு இன்று 108 என்றால், "பிரஷர் நல்லா கன்ட்ரோல்ல இருக்கு" என்று சந்தோஷப்பட ஒன்றுமில்லை. 40 புள்ளிக்கு மேல் இறங்கியிருக்கிறது. அன்றைய பிரஷர் மாத்திரையைக் கொடுப்பதற்கு முன் டாக்டரிடம் கேளுங்கள்.

அடுத்தது மனம். தொற்று வந்த முதியவரிடம் முதலில் தெரிவது பெரும்பாலும் குழப்பம்தான். பிதற்றுபவரை, ட்யூபைப் பிடுங்குபவரை, எழுந்து ஓடுபவரை எல்லோரும் கவனித்துவிடுவார்கள். கவனத்திலிருந்து தப்புவது அமைதியாகிவிடுபவர். "இன்னைக்குப் பாட்டி தொந்தரவே பண்ணல, நாள் பூரா தூங்கிட்டாங்க" என்று டியூட்டி மாறும்போது சொன்னால், அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உடனே போய் எழுப்பிப் பாருங்கள். அந்த அமைதியான மனக்குழப்பம்தான் அதிகம் பேரிடம் வருவது, அதிகம் தவறவிடப்படுவது.

சோதிக்க 4ஏடி என்ற இரண்டு நிமிடச் சோதனை போதும். முதலில் விழிப்பு: கூப்பிட்டால் தெளிவாகக் கண் திறந்து பேசுகிறாரா? தூக்கக் கலக்கமாகவோ கொந்தளிப்பாகவோ இருந்தால் 4 மதிப்பெண். அடுத்து நான்கு கேள்விகள்: வயது என்ன, பிறந்த தேதி என்ன, இது எந்த இடம், இது எந்த வருடம். ஒரு தவறுக்கு 1, இரண்டும் அதற்கு மேலும் 2. பிறகு மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். ஏழு மாதம் சரியாகச் சொன்னால் 0, ஏழை எட்டாவிட்டாலும் சொல்ல மறுத்தாலும் 1, சோதிக்கவே முடியாத நிலை என்றால் 2. கடைசியாக, இந்த மாற்றம் திடீரென்று வந்ததா, ஏறி இறங்கி வருகிறதா? ஆம் என்றால் 4. மொத்தம் 4 வந்தாலே மனக்குழப்பம் இருக்கலாம் என்று பொருள். கவனித்தீர்களா? "நேத்து ராத்திரி என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க, இன்னைக்கு நான் யாருன்னு தெரியல" என்று ஓர் ஆயா சொன்னால், அந்த ஒரு வாக்கியமே 4 மதிப்பெண். ஏற்கெனவே மறதி நோய் இருப்பவரிடமும் இந்தக் கடைசிக் கேள்வி வேலை செய்யும். நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அது கேட்கிறது.

குழப்பம் வந்தாலே தொற்று என்று முடிவு கட்டவும் கூடாது. மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, தண்ணீர் போதாமை, வலி, சர்க்கரை இறங்கியது, நேற்றுச் சேர்த்த புது மாத்திரை என்று பட்டியல் நீளம். அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள், சர்க்கரை பாருங்கள், மருந்துச் சீட்டைப் பாருங்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு எல்லோரும் நேராக ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு யூரின் டெஸ்டுக்கு ஓடுகிறார்கள். எங்களுக்குக் கோபம் வரும் இடம் இது.

நீண்டகாலப் பராமரிப்பில் இருக்கும் பெண்களில் நூற்றுக்கு 25 முதல் 50 பேருக்கும், ஆண்களில் 15 முதல் 40 பேருக்கும் எந்த நோயும் இல்லாமலே சிறுநீரில் பாக்டீரியா இருக்கும். நீண்ட நாள் யூரின் ட்யூப் வைத்திருப்பவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கும். ஆக, குழப்பத்துடன் இருக்கும் முதியவரின் சிறுநீரைச் சோதித்தால் "பாசிட்டிவ்" வருவதற்குப் பாதிவரைகூட வாய்ப்பு உண்டு, நோய் வேறெங்கே இருந்தாலும் சரி. பாசிட்டிவ் வந்ததும் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். ஆன்டிபயாடிக் தொடங்கும். நெஞ்சில் வளரும் நிமோனியாவை அதன் பிறகு யாரும் தேட மாட்டார்கள். தேவையில்லாத அந்த ஆன்டிபயாடிக், குடலின் நல்ல பாக்டீரியாவை அழித்து, கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமிக்கு வழிவிட்டு, முதியவர்களுக்கு உயிராபத்தான வயிற்றுப்போக்கைக் கொண்டுவருவதும் உண்டு.

சிறுநீர் நாறுகிறது, கலங்கலாக இருக்கிறது என்பது டெஸ்டுக்குக் காரணம் ஆகாது. தண்ணீர் குடிக்கக் கொடுப்பதற்குத்தான் காரணம். புதிதாக எரிச்சல் இருந்தால் அனுப்புங்கள்; அடிக்கடி அவசரமாகப் போவது, அடிவயிற்றிலோ விலாப்பக்கமோ வலி, ரத்தம், இவற்றோடு காய்ச்சல் இருந்தாலும் அனுப்புங்கள். குழப்பம் மட்டும் இருந்து, மூச்சும் பிரஷரும் வெப்பமும் அவருடைய வழக்கத்தில் இருந்தால், தண்ணீர் கொடுத்து, மற்றக் காரணங்களைத் தேடி, நெருக்கமாகக் கவனிப்பதே சரி. அமெரிக்கத் தொற்றுநோயியல் சங்கம் 2019ல் திருத்திய வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது. பிரஷர் இறங்குகிறது, குளிர் நடுக்கம் என்றால் அது வேறு, காத்திருக்க நேரமில்லை. ட்யூப் இருப்பவரிடம் மாதிரி எடுக்க வேண்டுமானால் பழைய ட்யூபை மாற்றிவிட்டுப் புதியதிலிருந்து எடுங்கள். பையிலிருந்து எடுத்து அனுப்புவது பைக்குள் என்ன வளர்கிறது என்பதைத்தான் சொல்லும்.

ரத்தப் பரிசோதனையிலும் ஒரு பொறி உண்டு. வெள்ளை அணு எண்ணிக்கை 14,000ஐத் தாண்டினாலோ, முதிராத அணுக்கள் கூடியிருந்தாலோ தொற்றைத் தேட வேண்டும். ஆனால் எண்ணிக்கை நார்மலாக இருப்பது தொற்று இல்லை என்பதற்குச் சான்றாகாது. வயிற்றுக்குள் பித்தப்பை அழுகிக்கொண்டிருக்கும்போதும் வயிறு மெத்தென்று இருக்கும், அணுக்களும் 8,000 இருக்கும்; முதியவர்களில் இது நடக்கும்.

மிச்சமிருக்கும் அறிகுறிகளைப் பெயர் வைத்துச் சொல்லத் தேவையில்லை. வழக்கமாகச் செய்வதைச் செய்யவில்லை, அவ்வளவுதான். தட்டில் பாதியை வைத்துவிட்டார். தானே பாத்ரூம் போகிறவர் உடையிலேயே போய்விட்டார். கீழே விழுந்தார். விழுந்தவருக்கு எக்ஸ்ரே எடுக்கிறோம், அதே கையோடு மூச்சையும் எண்ணுங்கள். ஒருபக்க விலாவில் காரணமில்லாமல் எரிகிறது என்றால் தினமும் சட்டையைத் தூக்கிப் பாருங்கள். அக்கிக் கொப்புளம் வலி தொடங்கிச் சில நாள் கழித்துத்தான் எழும்பும். எழும்பி 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்குவது நல்லது.

தடுப்பைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கேட்பது எதிர்ப்புச் சக்தி மாத்திரை. நாங்கள் கேட்பது பல் துலக்கும் பிரஷ். வாயில் சேரும் கிருமி தூக்கத்தில் எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்குவதுதான் முதியவர் நிமோனியாவின் பெரிய வழி. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடத்தி 1999ல் வெளியிட்ட ஆய்வில், உதவியாளர்கள் முறையாக வாயைச் சுத்தம் செய்தவர்களில் 11 சதவீதம் பேருக்கும், வழக்கம்போல் விடப்பட்டவர்களில் 19 சதவீதம் பேருக்கும் நிமோனியா வந்தது. ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் ஐந்து நிமிடம் துலக்கியதில் கிடைத்த பலன் அது. பல்லே இல்லாதவருக்கும் ஈறு, நாக்கு, அண்ணம் துலக்க வேண்டும். பல்செட்டை இரவில் கழற்றியே ஆக வேண்டும். சாப்பிட்டதும் படுக்க வைக்காதீர்கள். அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்காரட்டும். தூக்க மாத்திரை விழுங்கும் திறனையும் இருமலையும் சேர்த்தே தூங்க வைக்கும்.

சாப்பாட்டில் புரதத்தைக் கணக்குப் பாருங்கள். உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம், நோய்வாய்ப்பட்டால் 1.2 முதல் 1.5 கிராம். 50 கிலோ எடையுள்ளவருக்கு நோயில் 60 முதல் 75 கிராம். சிறுநீரகக் கோளாறு முற்றியவர்களுக்கு மட்டும் டாக்டரைக் கேட்டு.

தடுப்பூசிக்கு வருவோம். "வயசானவங்களுக்கு ஊசி போட்டா வேலை செய்யாதுன்னு சொல்றாங்களே" என்று குடும்பத்தார் கேட்பார்கள். குறைவாக வேலை செய்கிறது என்பது உண்மை, அதனால்தான் முதியவர்களுக்கென்றே வலுவான ஊசிகள் செய்திருக்கிறார்கள். சாதாரண ஃப்ளூ ஊசியில் ஒவ்வொரு வகை வைரசுக்கும் 15 மைக்ரோகிராம் ஆன்டிஜென், அதாவது உடம்புக்கு எதிரியை அடையாளம் காட்டும் பொருள். உயர் அளவு ஊசியில் 60. 65 வயதைத் தாண்டியவர்களிடம் ஒப்பிட்டு 2014ல் வெளியான ஆய்வில், சாதாரண ஊசி போட்டவர்களைவிட இதைப் போட்டவர்களுக்கு ஃப்ளூ 24 சதவீதம் குறைவாக வந்தது. இன்னொரு வழி, ஆன்டிஜெனோடு எதிர்ப்பைத் தூண்டும் துணைப்பொருளைச் சேர்ப்பது. அக்கி ஊசியில் இதன் பலன் பளிச்சென்று தெரிகிறது. உயிருள்ள வைரசைக் கொண்ட பழைய ஊசி 70 வயதைத் தாண்டியவர்களை 38 சதவீதம்தான் காத்தது. துணைப்பொருள் சேர்த்த புதிய ஊசி அதே வயதினரை 90 சதவீத அளவுக்குக் காத்தது. தூங்கும் செல்களையும் சரியான மணி அடித்து எழுப்ப முடியும் என்பதற்கு இது நல்ல சாட்சி. அந்த ஊசி இரண்டு தவணை, 2 முதல் 6 மாத இடைவெளி. நிமோனியா உண்டாக்கும் நிமோகாக்கஸ் பாக்டீரியாவுக்கான ஊசியும், மூச்சுப்பாதையைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. வைரசுக்காக 2023ல் அனுமதி பெற்ற ஊசியும் பட்டியலில் இருக்கட்டும்.

நடைமுறையில் பிழைகள் சின்னச் சின்னவை. ஃப்ரிட்ஜ் 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும். ஃப்ரீசர் பக்கம் ஒட்டி வைத்து ஒருமுறை உறைந்த ஊசியை உருக்கிப் போடாதீர்கள், தூக்கிப் போடுங்கள். ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வராது, இரண்டு வாரம் ஆகும். ஃப்ளூ ஊசியின் பலம் சில மாதங்களில் வடியும் என்பதால் சீசனுக்கு வெகு முன்னால் போடுவதிலும் லாபமில்லை. அக்கி ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் கைவலி, அசதி, காய்ச்சல் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான்காம் நாளும் காய்ச்சல் இருந்தால் ஊசி மேல் பழி போடாமல் காரணத்தைத் தேடுங்கள். உங்கள் ஊழியர்களும் போட்டுக்கொள்ள வேண்டும். சளியோடு வேலைக்கு வந்தால் சம்பளம் உண்டு, வராவிட்டால் இல்லை என்ற விதி உங்கள் இல்லத்தில் இருந்தால், எத்தனை ஊசி போட்டாலும் வைரஸ் வாசல் வழியாகவே வரும்.

வந்துவிட்டால்? 72 மணி நேரத்துக்குள் இரண்டு பேருக்குச் சளியும் இருமலும் என்றால் ஃப்ளூ சோதனை செய்ய வேண்டும். ஒருவருக்கு உறுதியானாலும் ஆசெல்டாமிவிர் என்ற ஃப்ளூ மருந்தைத் தொடங்குவது பற்றி அன்றே டாக்டரிடம் பேசுங்கள். அறிகுறி தெரிந்த 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்து அளவைக் குறைக்க வேண்டிய மருந்து அது. எல்லோருக்கும் ஒரே அளவு எழுதிவிடாதீர்கள். பரவல் உறுதியானால் நோயில்லாதவர்களுக்கும் தடுப்பாகக் கொடுப்பதுண்டு, குறைந்தது இரண்டு வாரம், கடைசி நோயாளி தெரியவந்து ஏழு நாள் ஆகும்வரை. முதியவர்கள் வைரசை இளைஞர்களைவிட நீண்ட நாள் வெளியேற்றுவார்கள். "காய்ச்சல் விட்டாச்சு" என்று இரண்டாம் நாளே பொது அறைக்குக் கூட்டி வராதீர்கள். வாந்தி, பேதி பரவினால் கைக்கு ஜெல் போதாது. நோரோ வைரசையும், முன்பு சொன்ன டிஃபிசில் கிருமியின் வித்துகளையும் ஜெல் சரிவரக் கொல்லாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும்.

டாக்டரை இரவில் கூப்பிடும்போது "பாட்டிக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்று சொன்னால் "காய்ச்சல் இருக்கா? இல்லையா? காலையில பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் கையில் வேறொன்றும் இல்லை. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "82 வயது. மூச்சு வழக்கமா 18, இப்ப முழு நிமிஷம் எண்ணினேன், 28. ஆக்சிஜன் 97லேர்ந்து 92. பிரஷர் 150லேர்ந்து 112. டெம்பரேச்சர் 99, அவங்களுக்கு வழக்கமா 97. சாயங்காலத்துலேர்ந்து தூங்கிட்டே இருக்காங்க, 4ஏடி 8. பீட்டா பிளாக்கர் சாப்பிடுறாங்க." இருபது வினாடிதான். எந்த டாக்டரும் இதைக் கேட்டுவிட்டுப் படுக்கப் போக மாட்டார்.

இதைச் சொல்ல வேண்டுமானால் "வழக்கமா" என்ற பத்தி சார்ட்டில் அச்சாகியிருக்க வேண்டும். எங்கள் கோரிக்கை அதுதான். ஒவ்வொருவர் சார்ட்டின் முதல் பக்கத்திலும் வெப்பம், மூச்சு, ஆக்சிஜன், பிரஷர், நடை, பேச்சு, சாப்பாடு ஆகிய ஏழுக்கும் அவருடைய வழக்கம் என்ன என்று எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி உடம்பு தேறிய பிறகும் திருத்துங்கள். தேதி போடுங்கள்.

அதே பக்கத்தின் அடியில் ஆயாக்களுக்கென்று ஒரு கட்டம் விடுங்கள். குளிப்பாட்டுபவரும் ஊட்டுபவரும் உடை மாற்றுபவரும் அவர்களே. மாற்றம் முதலில் அவர்கள் கைக்குத்தான் தெரியும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னதைச் செவிலியர் எழுதிக்கொள்ளட்டும், யார் சொன்னார், எத்தனை மணிக்கு என்பதோடு. அந்தக் கட்டத்தில் "இன்னைக்குச் சரியா இல்லை" என்று ஒரு வரி விழுந்தால், மேலே சொன்ன எண்கள் ஒரு மணி நேரத்துக்குள் எடுக்கப்பட வேண்டும். கிழித்த தாள் இருந்த இடத்தில் இந்த விதியை ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
முதியோர் மருத்துவத்திலும் தொற்றுத் தடுப்பிலும் பணிபுரிவோர்